சாய்ந்த தலைக் காக்காவின் விலை

கைவினைப் பொருள் விலை நிர்ணய வாரியம் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தவறான விலையைக்கூட நிர்ணயித்ததில்லை என்று வாசலில் பித்தளைப் பலகை மாட்டி, அதைத் துடைக்கத் தனியாக ஒரு ஆளையும் போட்டிருக்கிறார்கள். பலகையில் பொய் எதுவும் இல்லை. வாரியம் இதுவரை எந்த விலையையுமே நிர்ணயித்ததில்லை.

இந்த விவரம் தெரியாத பஸ் டிரைவர் ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணிப்பைக்குள் ஒரு காக்காவை வைத்துக்கொண்டு அந்தப் பலகைக்குக் கீழே செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

நிஜக் காக்கா இல்லை. பழைய குடையில் செய்தது. அவர் ஓட்டும் பஸ் கடைசி நிறுத்தத்தில் நாற்பது நிமிஷம் நிற்கும். அந்த நாற்பது நிமிஷத்தை மற்ற டிரைவர்கள் தூங்கியும் சீட்டாடியும் மேலதிகாரியைத் திட்டியும் கழித்தார்கள். இவர் தைத்தார். பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் குடைகளில் நல்லதைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். கம்பி முறிந்ததையும் துணி கிழிந்ததையும் தேடி யாரும் வருவதில்லை. அதையெல்லாம் குப்பையில் போடச் சொல்லி டிப்போவில் உத்தரவு. குப்பைத் தொட்டிக்குப் போகிற வழியில் அது இவர் கையில் காக்காவாகிவிடும். துணி உடம்பாகும், கம்பி காலாகும், கைப்பிடியைச் செதுக்கினால் அலகு, சட்டைப் பொத்தான் கண். ஒரு குடை முறிந்த மாதிரி இன்னொரு குடை முறியாது என்பதால் ஒரு காக்கா மாதிரி இன்னொரு காக்கா வந்ததில்லை.

தைக்கும்போது அவருக்கே தெரியாமல் சீட்டியடிப்பார். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு ஏறி, அங்கேயே கொஞ்ச தூரம் சுகமாக ஓடி, இறங்கிவிடும். அதே பஸ்ஸின் கண்டக்டரம்மா கால்நீட்டி உட்கார்ந்து டிக்கெட் கணக்கு எழுதுவது அந்தச் சீட்டியைக் கேட்டுக்கொண்டுதான்.

வீட்டில் இந்தக் கலைக்கு இருந்த மரியாதை வேறு. அலமாரி மேல் ஏற்கெனவே பதினாலு காக்கா. "துடைக்கிறது நான்தானே? இன்னொரு காக்கா உள்ள வரட்டும், நான் வெளிய பறந்துடறேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் பதினைந்தாவது காக்காவை அவர் பஸ்ஸிலேயே, ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, வழியில் ஏறுகிறவர்களையெல்லாம் ஏற இறங்கப் பார்க்கும் காக்கா அது.

தினமும் எட்டே கால் பஸ்ஸில் ஏறும் பல் டாக்டர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு இறங்க மறந்துபோனார்.

"டிரைவர், இது 'என்ன, சௌக்கியமா?'ன்னு கேக்கற மாதிரியே பாக்குதே! ஒண்ணாம் தேதி புது இடத்துல கிளினிக் திறக்கறேன். நோயாளிங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற ரூம்ல இது இருந்தா எவ்வளவு நல்லாருக்கும். என்ன விலை?"

டிரைவர் இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறார். தன் கையால் செய்த ஒன்றுக்கு ஒருவர் விலை கேட்டது அன்றுதான். அன்று முழுக்க ஸ்டியரிங் அவர் கையில் லேசாகத் திரும்பியது.

"சும்மா எடுத்துக்கங்க டாக்டரம்மா" என்றார்.

"சும்மாவா? நான் யாருக்காவது சும்மா பல் பிடுங்கறேனா? கைவேலைன்னா வாரியத்தோட விலைச்சீட்டு வேணும். சீட்டோட குடுங்க, சுளையா பணம் தரேன்."

சாலையில் ஒரு வண்டியும் இல்லாதபோதுகூடச் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை வந்த பிறகே நடப்பவர் அந்த அம்மாள். அவரிடம் வாதாடிப் பயனில்லை. காக்கா அந்த அறைக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கு ஒரு விலை வேண்டும். டிரைவருக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஆறு வாரம் இருக்கிறதே, ஒரு காக்காவுக்கு ஆறு வாரம் போதாதா என்று நினைத்தார்.

முதல் ஜன்னலில் இருந்த குமாஸ்தா மிகவும் அன்பானவர்.

"இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலைங்க. இதே மாதிரி காக்கா மூணு, சந்தையில என்ன விலைக்குப் போச்சுன்னு ரசீது குடுங்க. சராசரி எடுத்துப் போட்டுரலாம்."

"இது மாதிரி வேற இல்ல சார். உலகத்துலயே இது ஒண்ணுதான்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணுதான்னா, ஒண்ணுதான்னு சான்றிதழ் வேணும்."

"அது எங்க குடுப்பாங்க?"

"இங்கதான். மாதிரிக்கு ரெண்டு கொண்டாங்க."

"எது ரெண்டு?"

"இதே காக்காதான். அச்சு அசலா இருக்கணும். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, இது மாதிரி வேற எங்கேயும் இல்லன்னு எழுதிக் குடுப்போம்."

தான் சரியாகக் கேட்கவில்லை என்றே டிரைவர் நினைத்தார். இருபத்திரண்டு வருடம் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது. இன்னொரு முறை கேட்டார்; குமாஸ்தா அதே அன்போடு இன்னொரு முறை சொன்னார். மூன்று வாரம் உட்கார்ந்து இரண்டு காக்கா தைத்துக்கொண்டு போனார் டிரைவர்.

குமாஸ்தா மூன்றையும் மேஜையில் வரிசையாக நிறுத்தினார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னங்க இது? ஒண்ணு மேல பாக்குது. ஒண்ணு யார் மேலயோ கோவமா இருக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே!"

"அதைத்தான் சார் நான் மொதல்லயே சொன்னேன்."

"நீங்க சொன்னா ஆச்சா? சொல்றதுக்கு நாங்க இருக்கோம்ல?" என்று சொல்லி, 'மாதிரிகள் குறைபாடுடையவை, ஒப்பிட இயலவில்லை' என்று கோப்பில் எழுதினார். ஒப்பிட இயலாத கோப்புகளுக்கு மாடியில் தனி அறை. அறைவாசலில் 'ஒப்பற்ற பொருட்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் டிரைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஒப்பற்ற பொருட்கள் அதிகாரி மூக்கில் ஒரு கண்ணாடியும் தலையில் ஒரு கண்ணாடியும் வைத்திருந்தார். காக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு?"

"தினம் நாப்பது நிமிஷம், பத்து நாள்."

"வேலையா, பொழுதுபோக்கா?"

"பொழுதுபோக்குதாம்மா" என்றார் டிரைவர், அடக்கமாக.

அதிகாரி எழுதி முடித்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவசரப்பட்டுட்டீங்களே. வேலைன்னா உங்க நேரம் காக்காவுக்குள்ள போயிருக்குன்னு அர்த்தம். அதுக்கு விலை உண்டு. பொழுதுபோக்குன்னா என்ன? பொழுது போயிடுச்சு. போன பொழுதுக்கு நான் எப்படி விலை போடறது? அது எங்க போச்சோ!"

"காக்காவுக்குள்ளதாம்மா போச்சு."

"ஆதாரம் இருக்கா?"

டிரைவர் காக்காவைப் பார்த்தார். காக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு அவரைப் பார்த்தது. இருவரிடமும் ஆதாரம் இல்லை.

"சரி, செய்யும்போது சந்தோஷமா இருந்தீங்களா?"

அரசாங்க நாற்காலியில் இருந்து இப்படியொரு கேள்வியை டிரைவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. மனிதர்களிலும் இப்படி இருக்கிறார்களே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப சந்தோஷமா இருந்தேம்மா" என்றார்.

அதிகாரி 'ரொம்ப' என்பதையும் சேர்த்து எழுதி அடிக்கோடு இட்டார். "மகிழ்ச்சிக் கழிவு. சினிமாவுக்குப் போனா டிக்கெட் வாங்கறோம்ல? நீங்க பத்து நாள் டிக்கெட் இல்லாம சந்தோஷமா இருந்திருக்கீங்க. பஸ் டிரைவருக்கு இதை நான் சொல்லித் தரணுமா?"

"இல்லம்மா..."

"சீட்டி, பாட்டு ஏதாவது?"

"சீட்டி வரும். அது தானா வர்றது."

"தானா வந்தா ரெட்டைக் கழிவு."

கழித்துக் கழித்துக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. பூஜ்யத்துக்குக் கீழே எழுதப் படிவத்தில் கட்டம் இல்லாததால், அதிகாரி ஒரு சிவப்பு முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்தார். 'விலையில்லாப் பொருள்' என்றது முத்திரை.

டிரைவர் இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தார். "தங்கச்சி, பாத்தியா? விலையே சொல்ல முடியாத பொருளாம்!"

வாசலில் காத்திருந்த கண்டக்டரம்மா வாங்கிப் படித்தாள். "அண்ணே, நீங்க ஒரு வெள்ளந்தி. விலையில்லாததுன்னா இலவசம்னு அர்த்தம். சும்மா குடுக்கறதைத்தான் இப்படி மரியாதையா எழுதுவாங்க."

பல் டாக்டரும் அப்படித்தான் படித்தார். "இலவசமா நான் ஒண்ணும் வாங்கறதில்லன்னு சொன்னேன்ல? விலை போட்டு வாங்கிட்டு வாங்க, ப்ளீஸ். நான் அந்தக் காக்காவுக்கு ஷெல்ஃபே அடிச்சுட்டேன்."

விலை மதிக்க முடியாததா, இலவசமா என்று தெரிந்துகொள்ள டிரைவர் மறுபடி மாடி ஏறினார். "ரெண்டும் இல்ல" என்றார் அதிகாரி. "விலை வைக்கவே லாயக்கில்லாததுன்னு அர்த்தம். ஆனா மனசைத் தளரவிடாதீங்க. இதே காக்காவைச் சந்தோஷமில்லாமலும் செய்ய முடியும்னு நீங்க நிரூபிச்சா, அந்த விலையை இதுக்கும் போடலாம். கண்காணிப்பாளரை அனுப்பறேன்."

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் கண்காணிப்பாளர் ஏறினார். கண்டக்டரம்மாவின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மடியில் ஒரு பேரேட்டை விரித்தார். சீட்டி, சிரிப்பு, முணுமுணுப்பு என்று மூன்று பத்தி. டிரைவர் ஊசியில் நூல் கோத்தார். நாற்பது நிமிஷம் ஆனதும் கண்காணிப்பாளர் கூட்டிச் சொன்னார்:

"சீட்டி பதினேழு."

"நான் அடிக்கவே இல்லையே சார்!"

"பதினேழு அண்ணே" என்றாள் கண்டக்டரம்மா. "நானும் எண்ணினேன்."

அந்தக் காக்கா ரத்தாயிற்று. அடுத்த நாள் கண்காணிப்பாளர் வாரியத்திலிருந்து ஒட்டுப்பட்டைச் சுருள் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். தைக்க ஆரம்பிக்குமுன் டிரைவரின் உதட்டின் மேல் ஒன்றை ஒட்டுவார், முடிந்ததும் பிய்ப்பார். பிய்க்கும்போது மீசையும் கொஞ்சம் வரும். துன்பத்துக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று விதி இருந்ததால், 'இன்று இவர் மகிழ்ச்சியாக இல்லை என்பதை நேரில் கண்டேன்' என்று கண்டக்டரம்மா தினமும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"உங்க மூஞ்சியைப் பாத்தா யாரு வேணா கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவாங்கண்ணே" என்று அவள் முதல் நாள் கிண்டல் செய்தாள். மூன்றாம் நாள் கிண்டல் செய்யவில்லை.

தலையைச் சாய்த்துத் தைக்கப் போனபோது கண்காணிப்பாளர் கையைத் தட்டினார். "நேரா வைங்க. சாய்ச்சு வச்சா உங்களுக்கு அது பிடிச்சிருக்குன்னு தெரியுது." நேராக வைத்தார். கண்ணுக்குப் பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாகப் பொத்தான் எடுத்தார். கண்காணிப்பாளர் ஒரே அளவில் இரண்டு கொடுத்தார். ஒருநாள் கண்காணிப்பாளரே காக்காவின் காலைத் தொட்டுப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துவிட்டார். உடனே சுற்றுமுற்றும் பார்த்து, சிரிப்புப் பத்தியில் தன் பெயரில் ஒன்று போட்டுக்கொண்டார். நேர்மையான மனிதர்.

ஏழாம் நாள் அவர் பட்டை கொண்டுவர மறந்துவிட்டார். நாற்பது நிமிஷமும் பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பட்டை இல்லை என்பதையே டிரைவர் கவனிக்கவில்லை. கண்டக்டரம்மா மட்டும் டிக்கெட் கணக்கை மூன்று முறை தப்பாகக் கூட்டினாள்.

முப்பதாம் தேதி விலை வந்தது. ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.

பதினோரு வருடத்தில் வாரியம் போட்ட முதல் விலை. சும்மா கையில் கொடுத்து அனுப்பிவிட முடியுமா? விழா எடுத்தார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களும் மூன்று மாடியிலிருந்தும் இறங்கி வந்து கூடத்தில் நின்றார்கள். மேடையில் புதிய காக்கா, இரண்டு கண்ணும் ஒரே அளவாக, தலை நேராக, முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாரியத் தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்க என்னதான் செய்யறீங்கன்னு பதினோரு வருஷமா எங்களைக் கேக்கறாங்க. நாங்க பதில் சொன்னதில்ல. பதில் சொல்றதுக்குன்னு ஒரு பிரிவு அனுமதிச்சிருக்காங்க, அதுக்கு இன்னும் நாற்காலி வரல. இன்னிக்கு இந்தக் காக்கா பதில் சொல்லுது! நான் ஒரு கேள்வி கேக்கறேன். இங்க முன்னூத்திப் பன்னெண்டு பேர் வேலை பாக்கறோம். இதுல ஒருத்தராவது சந்தோஷமா வேலை பாத்தாங்கன்னு இதுவரைக்கும் ஒரு புகார் உண்டா?"

"இல்லை!" என்றார்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும். கூடம் அதிர்ந்தது.

"அதனாலதான் நம்ம சம்பளத்துல கழிவே கிடையாது. நான் என்னையே சொல்றேன். இங்க வர்ற ஒரு பொருளையும் நான் கையில எடுத்துப் பாத்ததில்ல. ஏன்? பாத்தா பிடிச்சுப்போயிடும். பிடிச்சுப்போச்சுன்னா அதுக்கு விலை போட முடியாது. இந்தத் தியாகம் யாருக்குத் தெரியும்?"

கைதட்டல் ஓய்வதற்குள் அதிகாரி டிரைவரிடம் வந்து, துணிப்பையிலிருந்த சாய்ந்த தலைக் காக்காவை எடுத்துக்கொண்டார்.

"அது டாக்டரம்மாவுக்கும்மா. இப்ப அதுக்கும் விலை வந்துடுச்சுல்ல?"

"எப்படி வரும்? இதும் அதும் ஒண்ணு மாதிரியா இருக்கு? நீங்களே பாருங்க" என்றார் அதிகாரி. ஆறு வாரத்தில் அவர் அந்தக் காக்காவைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இது கோப்புல இருக்கணும். எதுக்கு விலை கிடையாதுன்னு வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு ஒண்ணு வேணுமே. இது மாதிரி வேற கிடைக்காது."

டிரைவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கோப்புக்குள் போனதை வெளியே எடுப்பதற்கு அது மாதிரியே இன்னொன்று வைத்தால் போதும் என்றார்கள்.

மறுநாள் ஒண்ணாம் தேதி. புதுப் பெயிண்ட் வாசனையடிக்கும் கிளினிக்கில், காத்திருக்கும் அறையின் சுவரில் ஒரு சின்ன ஷெல்ஃப் காலியாக இருந்தது. டிரைவர் புதிய காக்காவையும் விலைச்சீட்டையும் அதன் மேல் வைத்தார். பல் டாக்டர் சீட்டைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு காக்காவைப் பார்த்தார்.

"இது யாரு?"

"காக்காதாம்மா."

"அது எங்க? தலையைச் சாய்ச்சுக்கிட்டு, சௌக்கியமான்னு கேக்குமே?"

"அது கோப்புல இருக்கும்மா."

பல் டாக்டர் சீட்டைக் கீழே வைத்தார். "தப்பா நினைக்காதீங்க டிரைவர். இதைப் பாத்தா, நான் இப்பத்தான் பல்லைப் பிடுங்கி அனுப்பின ஆளு மாதிரி இருக்கு. அப்படிப்பட்டவங்களைத்தான் நான் நாள் பூரா பாக்கறேனே. ரூமுக்கு வேற எதுக்கு?" பணப்பையைத் திறந்தார், மூடினார். "என்னாலதான், இல்ல? சீட்டு சீட்டுன்னு உயிரை எடுத்தது நான்தானே. அன்னிக்கு நீங்க சும்மா குடுத்தப்பவே வாங்கியிருக்கணும்."

டிரைவர் காக்காவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அலமாரி மேல் பதினாலு காக்காவுக்கு ஓரமாக அதை வைத்தார். இன்றைக்குச் சண்டை நிச்சயம் என்று தயாராகவே இருந்தார். மனைவி துணியோடு வந்து, பதினாலையும் துடைத்துவிட்டுக் கடைசியில் அதன் முன்னால் நின்றாள்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. நான் செஞ்சதுதான்."

"யாருகிட்ட கதை விடறீங்க? உங்க காக்கா எனக்குத் தெரியாதா? இதுங்க ஒவ்வொண்ணுக்கும் நான் பேரு வச்ச மாதிரி. துடைக்கத் துடைக்க என்னைப் பாத்து முழிக்குங்க." அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "இது நீங்க செஞ்சதில்லங்க."

அடுத்த வாரம் கடைசி நிறுத்தத்தில் ஒரு நல்ல குடை அகப்பட்டது. கம்பி மூன்று இடத்தில் முறிந்து, துணி அழகாகக் கிழிந்திருந்தது. கண்காணிப்பாளர் இல்லை, பேரேடு இல்லை. வெயில் இறங்கி, பஸ்ஸுக்குள் சுகமாகக் காற்று வந்தது. டிரைவர் துணியை வெட்டி, ஊசியில் நூல் கோத்து, முதல் வரிசையைத் தைத்தார். கண்டக்டரம்மா கால்நீட்டி உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, யாரும் இல்ல. அடிங்க."

டிரைவர் வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்தார். காற்று வந்தது. இன்னொரு தரம் குவித்தார். காற்றுதான் வந்தது, மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டிருந்தது.

கண்டக்டரம்மா தலையைக் குனிந்து கணக்கு எழுத ஆரம்பித்தாள்.

"விடுங்கண்ணே" என்றாள். "இதுக்கு நல்ல விலை கிடைக்கும்."